பீல் புதையல் எண்கள்: முதன்முறை உட்காருபவருக்கு ஒரு வழிகாட்டி

71, 194, 38, 1701, 89, 76, 11, 83, 1629... இப்படி 520 எண்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில மலையடிவாரத்தில் புதைந்திருப்பதாகச் சொல்லப்படும் தங்கத்துக்கு வழி சொல்லும் தாள் இது. 1885-இல் அச்சில் வந்தது. இன்று வரை ஒருவரும் இதைப் படித்துக் காட்டவில்லை.

இதை அவிழ்க்கும் ஆசையோடு உட்காருகிற பெரும்பாலோர், எடுத்த எடுப்பிலேயே இந்தத் தாளில் கை வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வாரம் வீணாகப் போயிற்று. வேறு எந்த வரிசையில் வேலை செய்திருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். கணிதப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டும், பொறுமையாக எண்ணத் தெரிய வேண்டும். ஒரு நீள நோட்டும் பென்சிலும் முதல் வாரத்துக்குப் போதும். கணினி பிறகு வரட்டும்.

முதலில் கதை

1885-இல் லிஞ்ச்பர்க் நகரில் ஜேம்ஸ் பி. வார்டு என்பவர் ஒரு சிறுநூலை வெளியிட்டார். விலை 50 சென்ட். அதை எழுதியவர் பெயர் அதில் இல்லை. நமக்குத் தெரிந்த எல்லாமே அந்த ஒரு சிறுநூலிலிருந்து வருபவைதான். இதை மனத்தில் ஆழமாக ஊன்றிக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகும்.

அதன்படி, தாமஸ் ஜே. பீல் என்பவர் 1820-இலும் 1822-இலும் லிஞ்ச்பர்க்கில் ராபர்ட் மோரிஸ் நடத்திய விடுதியில் தங்கினார். இரண்டாம் முறை கிளம்பும்போது பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றை மோரிஸிடம் ஒப்படைத்தார். பிறகு செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது: பெட்டியில் இருக்கும் தாள்களைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாது; அந்தத் திறவுகோல் ஒரு நண்பரிடம் இருக்கிறது; 1832 ஜூனில் உங்களுக்கு வந்து சேரும். அது வரவே இல்லை. பீலும் திரும்பவில்லை. மோரிஸ் 1845-இல்தான் பெட்டியை உடைத்தார். உள்ளே கடிதங்களும், எண்கள் மட்டுமே நிரம்பிய மூன்று தாள்களும் இருந்தன. 1862-இல் அவற்றை ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு இறந்துபோனார். அந்த நண்பர்தான் பெயர் சொல்லாத சிறுநூலாசிரியர்.

முதல் தாள் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்வது. இரண்டாம் தாள் புதையலில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது. மூன்றாம் தாள் புதையலில் பீலோடு பங்கு கொண்ட பங்காளிகள், அவர்கள் உறவினர்கள் ஆகியோரின் பெயர்களும் இருப்பிடங்களும். இவற்றில் இரண்டாம் தாளை மட்டும் நண்பர் அவிழ்த்துவிட்டார். திறவுகோல் 1776-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம்.

இரண்டாம் தாளை உங்கள் கையால் அவிழுங்கள்

விடைதான் ஏற்கெனவே தெரியுமே, எதற்கு மறுபடியும் என்று தோன்றும். தோன்றினாலும் செய்யுங்கள். சமையல் குறிப்பைப் படிப்பதற்கும் அடுப்படியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

முறை எளிமையானது. பிரகடனத்தின் சொற்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் கொடுங்கள். தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் நேரான சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எடுங்கள். தாளின் தொடக்கத்துக்குச் சற்றுத் தள்ளி 58, 2, 42, 7, 35 என்று ஐந்து எண்கள் அடுத்தடுத்து வரும். 58-ஆவது சொல் மேன்கைண்ட், 2-ஆவது இன், 42-ஆவது லாஸ், 7-ஆவது ஈவென்ட்ஸ், 35-ஆவது செப்பரேட். முதல் எழுத்துகளைச் சேருங்கள்: எம், ஐ, எல், இ, எஸ். மைல்ஸ்! இருநூறு ஆண்டுப் பழைய ஒரு சொல் உங்கள் பென்சில் முனையிலிருந்து இறங்கி வருகிறது. அந்தக் கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது வழுக்கும் இடத்தைக் காட்டுகிறேன். தாளின் முதல் எண் 115. அது ‘ஐ’ என்ற எழுத்தைத் தர வேண்டும். ‘நான்’ என்று தொடங்குகிற வாக்கியம் அது. நீங்கள் எண்ணிப் பார்த்தால் 115-ஆவது சொல்லாக ‘அமங்’ வந்து நிற்கலாம். அப்படியானால் நீங்கள் பிரகடனத்தின் புகழ்பெற்ற ‘செல்ஃப்-எவிடென்ட்’ என்பதை ஒரே சொல்லாக எண்ணியிருக்கிறீர்கள். அதை இரண்டு சொல்லாக எண்ணினால் 115 ‘இன்ஸ்டிட்யூட்டட்’ ஆகும், ‘ஐ’ கிடைத்துவிடும். ஒரே ஓர் இணைப்புக்குறி! அதன் விளைவைப் பாருங்கள்: 140, 47, 29, 107, 79 என்ற ஐந்து எண்களைச் சரியான எண்ணிக்கையில் படித்தால் ‘இன் தி’ என்று வரும். ஒரு சொல் பிசகினால், நடுவில் வரும் ‘என்’ மட்டும் நீங்கலாக மற்ற நான்கும் ‘டி’ (T) ‘டி’ ‘டி’ ‘டி’ என்று வெறும் சத்தமாகிவிடும். திறவுகோல் சரியாகவே இருந்தும் பூட்டு திறக்காது.

இன்னும் சிறிது தூரம் போனால் 160 வரும். அது ‘எஃப்’ ஆக வேண்டும், பெட்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயரின் நடு எழுத்து. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் அங்கே இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்கில் அது 159 ஆக இருக்கும். காரணம், சிறுநூலில் அச்சான பிரகடனத்தில் ‘இன்ஸ்டிட்யூட்’ என்ற சொல்லுக்கு அடுத்து ‘எ’ என்ற ஒற்றைச் சொல் கூடுதலாக நுழைந்திருக்கிறது. அசல் பிரகடனத்தில் அது கிடையாது. அதே போல 95-ஆவது சொல்லின் முதல் எழுத்து ‘யூ’ ஆனால்தான் ‘ஃபோர்’ என்ற சொல் அமையும். பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சனின் கையெழுத்துப் படியில் அந்தச் சொல் ‘இன்ஏலியனபிள்’. அச்சுப் படியில் ‘அன்ஏலியனபிள்’. எந்தப் பதிப்பை மேசையில் வைத்திருக்கிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. 480-ஐ ஒட்டிய இடத்தில் எண்ணிக்கை பத்துச் சொல் பிசகுவதையும் பார்ப்பீர்கள். 811-ஆவது சொல் ‘ஃபண்டமென்டலி’. அதில் முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்தான ‘ஒய்’ எடுத்தாளப்பட்டிருக்கிறது. பிரகடனத்தில் ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும் சொல்லே இல்லாததால் அதற்கும் ஒரு சமாளிப்பு உண்டு.

இவை எல்லாவற்றையும் நீங்களே இடறி விழுந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கையால் செய்யச் சொல்கிறேன். தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும் உண்டு, சிந்திப்பதும் உண்டு. இந்த வேலையில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

முழுவதும் அவிழ்ந்ததும் வரும் செய்தி இதுதான்: பெட்ஃபோர்டு கவுண்டியில், பியூஃபோர்டு விடுதியிலிருந்து சுமார் நான்கு மைல் தொலைவில், தரைக்கு ஆறு அடி கீழே ஒரு நிலவறை. 1819 நவம்பரில் வைத்தது 1014 பவுண்டு தங்கம், 3812 பவுண்டு வெள்ளி. 1821 டிசம்பரில் வைத்தது 1907 பவுண்டு தங்கம், 1288 பவுண்டு வெள்ளி. கூட்டினால் தங்கம் மட்டும் 2921 பவுண்டு, அதாவது சுமார் 1325 கிலோ. இவை தவிர, வெள்ளியைச் சுமக்கும் பாரத்தைக் குறைக்கச் செயின்ட் லூயிஸில் மாற்றிக்கொண்ட 13,000 டாலர் பெறுமான நகைக்கற்கள். எல்லாம் மூடியிட்ட இரும்புப் பானைகளில். சரியான இடத்தை முதல் தாள் சொல்லும் என்று முடிகிறது.

பிரதி சரியா?

இது சிறிய வேலை, ஆனால் விடக் கூடாது. சுற்றில் இருக்கும் எண் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று அங்கங்கே மாறுபடுகின்றன. ஓர் எண் விட்டுப்போன பட்டியல் உண்டு, இரண்டு எண் ஒட்டிப்போனதும் உண்டு. சிறுநூலின் அசல் பக்கங்களின் நிழற்படத்தைத் தேடி எடுத்து, அதை வைத்து உங்கள் பட்டியலை ஒருமுறை எண் எண்ணாகச் சரிபாருங்கள். இருவராகச் செய்தால் இன்னும் நல்லது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் டிக் செய்யலாம். ஒரு மாலை போதும்.

கணினி ஏன் இதைத் தானாக அவிழ்க்காது

சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 1969-இல் அனுப்பிய 340 குறிகள் கொண்ட செய்தியை, 2020 டிசம்பரில் மூன்று ஆர்வலர்கள் கணினி உதவியோடு அவிழ்த்தார்கள். அமெரிக்கர் ஒருவர், ஆஸ்திரேலியர் ஒருவர், பெல்ஜியத்தைச் சேர்ந்தவர் ஒருவர். ஐம்பத்தொரு ஆண்டு மர்மம். இதைப் படித்ததும் பீல் தாளையும் அதே நிரலில் போட்டுவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். நடக்காது.

சோடியாக் செய்தியின் 340 இடங்களில் வெவ்வேறு குறிகள் 63 மட்டுமே. ஒவ்வொரு குறியும் பலமுறை திரும்ப வருவதால், ஒன்றுக்குத் தவறான எழுத்தைக் கொடுத்தால் வேறு நான்கைந்து இடத்தில் அது முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பீலின் முதல் தாளில் 520 இடங்களுக்கு ஏறத்தாழ 300 வெவ்வேறு எண்கள். பெரும்பாலான எண்கள் ஓரிரு முறைதான் தலைகாட்டுகின்றன. ஆகவே எந்த எண்ணுக்கு எந்த எழுத்தை வைத்தாலும் கேள்வி கேட்க ஆளில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை அந்த எண்களின் மேல் போர்த்திவிடலாம், பொருந்தும். நான் போர்த்தும் வாக்கியமும் பொருந்தும்.

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ‘விடை கண்டுவிட்டேன்’ என்று அறிவிப்பதன் காரணம் இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் கண்டதாகவே நம்புகிறார்கள். ஆகவே திறவுகோல் நூல் வெளியிலிருந்து, உங்கள் விருப்பத்துக்கு வளையாத ஒன்றாக வர வேண்டும். எண்களை உற்றுப் பார்த்து விடையைப் பிழிய முடியாது.

எந்த நூலை எடுப்பது

நிபந்தனைகள் தாளிலேயே இருக்கின்றன. முதல் தாளின் மிகப் பெரிய எண் 2906. பிரகடனத்தில் சுமார் 1320 சொற்களே உள்ளன, எனவே அதை அப்படியே பயன்படுத்தியிருக்க முடியாது. குறைந்தது 2906 சொற்கள் கொண்ட நூல் வேண்டும். மூன்றாம் தாளின் எண்கள் 1000-ஐத் தாண்டவில்லை. அதன் நூல் சிறியதாகவும் இருக்கலாம். கதையை நம்பினால் நூல் 1822-க்கு முன் இருந்திருக்க வேண்டும், வர்ஜீனியாவில் ஒரு விடுதியறையில் கைக்கு எட்டியிருக்க வேண்டும். கதையை நம்பாவிட்டால் எல்லை 1885.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம், இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா சாசனம், விவிலியத்தின் தொடக்கம், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் எல்லாவற்றையும் பலர் பலமுறை முயன்றுவிட்டார்கள். அதற்காக நீங்கள் அவற்றை விட்டுவிட வேண்டாம். முயன்றவர்கள் எந்தப் பதிப்பை எடுத்தார்கள், இணைப்புக்குறிச் சொல்லை எப்படி எண்ணினார்கள், தலைப்பை எண்ணினார்களா, இவை பெரும்பாலும் பதிவாகவில்லை. ‘செல்ஃப்-எவிடென்ட்’ உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கட்டும்.

இங்கே ஒரு விதி. இதை மட்டும் மீறாதீர்கள்: எண்களைத் தொடுமுன் எண்ணும் முறையை நோட்டில் எழுதிவிடுங்கள். எந்தப் பதிப்பு, தலைப்பு சேருமா சேராதா, இணைப்புக்குறி ஒன்றா இரண்டா, அத்தியாய எண்கள் கணக்கில் உண்டா, முதல் எழுத்தா கடைசி எழுத்தா. எழுதித் தேதி போடுங்கள். அதன் பிறகுதான் எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே போகையில் ‘இங்கே ஒரு சொல் தள்ளினால் நன்றாக வரும்போலிருக்கிறதே’ என்று கை அரிக்கும். தள்ளலாம். ஆனால் அதைப் புதிய முயற்சியாக எழுதி, தொடக்கத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும். தள்ளியது அதன் பின் வரும் எல்லா எண்களுக்கும் பொருந்த வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தள்ளி, வேண்டிய எழுத்தை எடுத்துக்கொண்டு, பிறகு பழைய கணக்குக்கே திரும்புவது அவிழ்ப்பு ஆகாது; அது எழுத்து பொறுக்குவது.

கிடைத்தது விடையா, வெறும் சத்தமா

கணினி இப்போது கைகொடுக்கும். நூலை எழுத்துக் கோப்பாக எடுத்து, சொற்களை எண்ணி, முதல் எழுத்துகளை வரிசையாகத் தரும் சிறு நிரல் இருபது வரிக்குள் அடங்கும். நிரல் எழுதத் தெரியாதவர் எக்செல் தாளில் ஒரு பத்தியில் சொற்களையும் அடுத்ததில் எண்களையும் வைத்தே செய்துவிடலாம்.

வந்த 520 எழுத்துகளில் முதலில் ‘இ’ எத்தனை என்று பாருங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தொடர்ச்சியான ஆங்கில எழுத்தில் ‘இ’ தான் அதிகம் வரும், நூற்றுக்குப் பன்னிரண்டு போல. ஆனால் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் பார்த்தால் ‘இ’ மிக அரிது. அங்கே ‘தி’, ‘தட்’, ‘டு’ போன்ற சொற்களின் தயவால் ‘டி’ கொடிகட்டிப் பறக்கும். ஆகவே தவறான நூலை வைத்தால் ‘டி’ நிரம்பி வழியும், ‘இ’ நூற்றுக்கு மூன்று, நான்கில் நிற்கும். சரியான நூலில், எழுதியவர் ‘இ’ தரும் அரிய சொற்களைத் தேடித் தேடி எடுத்திருப்பார் என்பதால், ‘இ’ மேலே ஏறிவிடும். ஒரு சொல்லைக்கூடப் படிக்காமலே நூலை ஒதுக்கிவிட இந்தச் சோதனை போதும். இரண்டாம் தாளைப் பிரகடனத்தோடும், பிறகு வேண்டுமென்றே வேறொரு நூலோடும் ஓட்டி, இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குலுக்கல் சோதனை. ஒரு பழைய பயணநூலை வைத்து முதல் தாளை ஓட்டியபோது, எனக்கு ‘குகை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் கிடைத்தது. சில வரி தள்ளி ‘ஓக்’ மரம். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் அதே எழுத்துகளைக் கணினியில் கண்டபடி குலுக்கி நூறு முறை தேடினேன். நூறிலும் நான்கெழுத்துச் சொற்கள் இருந்தன. சிலவற்றில் மரமும் இருந்தது, பாறையும் இருந்தது. 520 எழுத்து இருக்கும் இடத்தில் சின்னச் சொற்கள் முளைத்தே தீரும். எனவே குலுக்கிய நூறு வரிசைகளைவிட உங்கள் அசல் வரிசை தெளிவாக மேலே நிற்கிறதா என்று பாருங்கள். எழுத்துக் கணக்கு குலுக்கினாலும் மாறாது. ஆகவே குலுக்கலை எழுத்து ஜோடிகளுக்கும் சொற்களுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள், ‘இ’ சோதனைக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. முதல் 260 எண்களை வைத்தே உங்கள் விதிகளை எல்லாம் முடிவு செய்யுங்கள். மீதி 260-ஐ மூடி வைத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை திறங்கள். அதுவும் படிக்க வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்!

அகரவரிசைச் சங்கிலி

இந்த முதல் தாளைப் பற்றி இதுவரை கண்டவற்றில் மிகவும் விசித்திரமானது இது. 1980-இல் அமெரிக்கச் சங்கேத ஆய்வாளர் ஜிம் கில்லோக்லி சுட்டிக்காட்டினார். முதல் தாளை வேண்டுமென்றே தவறான திறவுகோலால், அதாவது பிரகடனத்தாலேயே, படித்துப் பார்த்தார். செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் தாளின் நடுவில் ஓரிடத்தில் இந்த எண்கள் வருகின்றன: 37, 122, 113, 6, 140, 8, 120, 305, 42, 58, 461, 44, 106.

பிரகடனத்தை நீங்கள் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறீர்கள், எடுத்துப் பாருங்கள். 37 ஈக்வல். 122 ஃபிரம். 113 கவர்ன்மென்ட்ஸ். 6 ஹ்யூமன். 140 இஸ். 8 இட். 120 ஜஸ்ட். 305 கிங். 42 லாஸ். அப்படியே போகிறது: இ, எஃப், ஜி, எச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ. ஆங்கில அரிச்சுவடி வரிசையாக நடந்து போகிறது! தற்செயலாக இப்படி நிகழ வழியே இல்லை. முதல் தாளை எழுதியவர், பிரகடனத்தின் எண் அட்டவணையை மேசையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, செய்தியே இல்லை. அட்டவணையிலிருந்து எண்களை இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டவர், சலிப்பில் ஓரிடத்தில் வரிசையாகவே எடுத்துவிட்டார். கில்லோக்லி இந்தப் பக்கம் சாய்கிறார். இன்னொன்று, சங்கேதம் இரட்டை அடுக்கு. பிரகடனம் தருவது முதல் அடுக்கு மட்டுமே, அந்த எழுத்துகளை மறுபடி எதையாவது செய்ய வேண்டும். கணினித் துறை முன்னோடிகளில் ஒருவரான கார்ல் ஹாமர் முதல் தாளின் எண்கள் குருட்டாம்போக்கில் எழுதப்பட்டவை அல்ல என்று முன்பே சொல்லியிருந்தார். அது இரண்டு விளக்கத்துக்கும் ஒத்துவரும்.

உங்களுக்கு இதனால் ஆகவேண்டியது ஒன்று. எந்த விடையை நீங்கள் கண்டாலும், இந்தச் சங்கிலி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்த விடை பதில் சொல்ல வேண்டும். பைபிள்தான் திறவுகோல் என்று ஒருவர் சொன்னால், ‘அப்படியானால் பிரகடனத்தில் அரிச்சுவடி ஏன் வருகிறது’ என்று கேளுங்கள். வந்துபோன ‘விடைகள்’ பலவும் இந்தக் கேள்வியைத் தாண்டவில்லை.

முழுக் கதையுமே கட்டுக்கதையா

இந்தச் சந்தேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்ய முடியாது. மூன்றாம் தாளில் 618 எண்கள். கதைப்படி பங்காளிகள் 30 பேர். ஆளுக்கு இருபது எழுத்துச் சொச்சம். அதற்குள் ஒருவர் பெயர், உறவினர் பெயர், ஊர் எல்லாம் அடங்க வேண்டும். நீங்களே உங்கள் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். 1822 தேதியிட்ட கடிதத்தில் மிரண்டோடும் மந்தையைக் குறிக்க ‘ஸ்டாம்பீட்’ என்ற சொல் வருகிறது; அந்த வடிவத்தில் அது அச்சில் பரவியது அதற்குப் பிற்பாடுதான். பீலின் கடித நடையும் சிறுநூலாசிரியரின் நடையும் அண்ணன் தம்பி போல இருப்பதையும் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே சிறுநூலிலிருந்து வருகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

என் கணிப்பைக் கேட்டால், முதல் தாளுக்குள் செய்தி இருக்கும் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ‘இல்லை’ என்று நிரூபிப்பதும் ஒரு விடைதான், அதுவும் இன்னும் யாரும் முடிக்காத வேலை. அந்த அரிச்சுவடிச் சங்கிலியை எப்படி உருவாக்கியிருக்கலாம் என்று ஒருவர் தெளிவாகக் காட்டிவிட்டால், 520 எண்களின் பிறப்பு ரகசியம் வெளிவந்துவிடும். தங்கத்தைவிட எனக்கு அது பெரிது.

மண்வெட்டியைத் தூக்குமுன்

பியூஃபோர்டு விடுதி இருந்த இடம் இன்று மான்ட்வேல் என்ற சிற்றூர். அதைச் சுற்றிய மலைச்சரிவுகளில் நூறாண்டுக்கு மேலாக ஆட்கள் தோண்டியிருக்கிறார்கள். அங்குள்ள நிலம் பெரும்பாலும் தனியாருடையது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காலடி வைத்தாலே அத்துமீறல். மலைமுகட்டில் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலை தேசியப் பூங்காத் துறையின் கீழ் வருவது. அங்கே உலோகங்காட்டும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம், தோண்டுவதைச் சொல்லவே வேண்டாம். கூட்டரசு நிலத்தில் தொல்பொருள் எடுப்பதற்கு எதிராக 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பீல் புதையல் தேடிக் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக் கைதானவர்களும் உண்டு. இறந்தவர்களின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படிக்கக்கூடிய முழு விடை கையில் இல்லாமல் பயணச்சீட்டு வாங்கவே வேண்டாம். சிறுநூலாசிரியர் தன் செல்வத்தையும் குடும்ப நிம்மதியையும் இந்தத் தாள்களுக்குப் பறிகொடுத்ததாக எழுதிவிட்டு, வேலைபோக மிஞ்சிய நேரத்தை மட்டும் இதற்குக் கொடுங்கள், மிஞ்சாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறார். கதை உண்மையோ பொய்யோ, அந்த வரியை நான் அப்படியே நம்புகிறேன். வாரத்துக்கு இரண்டு மாலை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தோற்ற முயற்சிகளை எழுதி வையுங்கள்

ஒரு நூல் பொருந்தவில்லை என்றால், அதை அடுத்தவர் மறுபடி எண்ணாமல் இருக்கும்படி பதிவு செய்யுங்கள். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: ‘அரசியலமைப்புச் சட்டம், 1787 மூலம், திருத்தங்கள் சேர்க்கவில்லை. முகவுரை முதல் சொல்லிலிருந்து எண்ணியது. பிரிவு எண்களும் தலைப்புகளும் கணக்கில் இல்லை. இணைப்புக்குறிச் சொல் இரண்டு. முதல் எழுத்து. முதல் தாள் முழுவதும் ஓட்டியது. இ மிகக் குறைவு, டி மிக அதிகம். பொருந்தவில்லை. அடுத்து: தலைப்புகளைச் சேர்த்து எண்ணிப் பார்ப்பது.’